அர்டித் சத்தம் போடாமல் போட்ட சண்டை

அர்டித் கோவாண்டாவுக்குக் கோபம் வந்தால் கார்னி ஊருக்கே தெரிந்துவிடும். முப்பத்திநான்கு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின் சீட்டில் எவனாவது எவன் தொப்பியையாவது பிடுங்கினால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை, ஓர் அதட்டல், தொப்பி உரியவன் தலைக்குப் போய்விடும். அந்த அதட்டல் சோள வயல்களைத் தாண்டி ரயில்பாதை வரைக்கும் கேட்கும் என்பார்கள். இன்றைக்கும் கடைவீதியில் நாற்பது வயது ஆண்பிள்ளைகள் அவளைக் கண்டால் தங்களை அறியாமல் நேராக நிற்கிறார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்ட ஒரே ஒருவனையும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற பிறகு போய்ச் சேர்ந்த வேலையோ, வாயையே திறக்கக் கூடாத வேலை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முழுக்க ஊரை ஒட்டி ஓடும் பிளாட் ஆற்றில் நாரைகள் வந்து இறங்கும். சாம்பல் உடம்பு, சிவப்பு நெற்றி, ஆள் மார்பு உயரம். தெற்கேயிருந்து வடக்கே போகிற வழியில் நான்கு வாரம் இங்கே தங்கிக் கொழுத்துக்கொண்டு போகும். பகலில் அறுத்த சோள வயல்களில் சிந்திய மணிகளைப் பொறுக்கித் தின்னும். ராத்திரி ஆற்றின் நடுவில், கணுக்கால் தண்ணீரில், நின்றபடியே தூங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் நரி வரும் சலசலப்பு கேட்கும். அதனால் ஆறு அகலமாகவும் வெட்டவெளியாகவும் இருக்க வேண்டும். நடுவில் புதர் மண்டிவிட்டால் ஒரு நாரையும் அங்கே இறங்காது. புதருக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆற்றங்கரையில் ஓர் அறக்கட்டளை மரப்பலகைக் கொட்டகைகள் போட்டு வைத்திருக்கிறது. ஆற்றைப் பார்த்த சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னத் திறப்புகள். விடியும் முன்னே பார்வையாளர்களை இருட்டில் நடத்திக் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நாரைகள் எல்லாம் எழுந்து வயலுக்குப் போகும் வரை யாரும் வெளியே வரக்கூடாது. போன் வெளிச்சம் கூடாது, ஃபிளாஷ் கூடாது, இருமல் வந்தால் கைக்குட்டைக்குள் இருமிக்கொள்ள வேண்டும். பேசினால் குசுகுசுப்பு மட்டும். அவசரத்துக்கு மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு வாளி. மூன்றாம் கொட்டகை அர்டித்துடையது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் வழிகாட்டி.

சத்தம் போடத்தான் முடியாதே தவிர கோபத்துக்கு அங்கேயும் குறைவில்லை. வெள்ளை ஜாக்கெட் போட்டு வந்தவனைக் கண்டால் கோபம். மிட்டாய்க் காகிதத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தால் சத்தம் வராது என்று நினைக்கிறவர்களைக் கண்டால் கோபம். நாரைகளைப் பார்த்ததும் மனசு அமைதியாகிவிட்டது என்று சொல்கிறவர்கள்மேல் தனிக் கோபம். ஒரு சாண் இடத்துக்காக விடிய விடிய ஒன்றையொன்று கொத்திக் கத்திக்கொண்டிருக்கும் பறவையிடம் என்ன அமைதியைக் கண்டார்களோ! தப்புச் செய்தவர் காதருகே போய் அவள் நான்கு வார்த்தை கிசுகிசுப்பாள். அதை ஒருமுறை வாங்கியவர்கள், பஸ்ஸில் அதட்டல் வாங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள்.

ஆனால் அவள் கோபத்தில் முக்கால் பங்கு ஒரே ஆளுக்கு என்று எடுத்து வைத்தது. அது அவள் தம்பி லீலண்ட்.

கொட்டகையிலிருந்து மூன்று மைல் மேற்கே, ஆற்றோடு அரை மைல் நீளத்துக்கு அவர்கள் அப்பா எமில் விட்டுப்போன நிலம் இருக்கிறது. இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. எமில் உயிரோடு இருந்தவரை ஆகஸ்டு கடைசியில் தண்ணீர் வற்றியதும் டிராக்டரை ஆற்றுக்குள் இறக்கிவிடுவார். மணல் திட்டுகளை உழுது, முளைத்த வில்லோ என்ற புதர்ச் செடிகளையும் நாணலையும் வேரோடு புரட்டிப் போடுவார். ஒரு வருஷம் விட்டால் செடி முழங்கால் உயரம், மூன்று வருஷம் விட்டால் ஆள் உயரம். லீலண்ட் பதினாலு வயசிலிருந்து அப்பாவோடு அந்த வேலையைச் செய்தவன். மார்ச்சில் எமில் கோவாண்டாவின் ஆற்றில் எட்டாயிரம் நாரை நிற்கும். எமில் படுக்கையில் விழுந்த பிறகும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி அவற்றின் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அடக்கம் முடிந்த பிறகு லீலண்ட் ஆற்றில் ஒரு சக்கரம் இறக்கவில்லை. அடுத்த மார்ச்சில் அர்டித் பாலத்தின் மேல் காரை நிறுத்திப் பார்த்தாள். திட்டுகளில் செடி முளைத்திருந்தது. அதற்கடுத்த வருஷம் இடுப்பு உயரம். மூன்றாம் வருஷம் பாலத்திலிருந்து தண்ணீரே தெரியவில்லை. எட்டாயிரம் நாரையும் கீழே அறக்கட்டளை ஆற்றுக்கு இடம் மாறிவிட்டன. சொந்த ஆற்றில் பார்க்க வேண்டியதை அவள் அடுத்தவன் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தாள். 'வேணும்னே பண்றான். அப்பா மேல இருந்த வயித்தெரிச்சலை ஆத்து மேல காட்டறான்' என்று முடிவு கட்டிவிட்டாள். அதோடு தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். சர்ச்சில் அவன் இடதுபக்கம் உட்கார்ந்தால் இவள் வலதுபக்கம். போன் அடித்தால் எடுப்பதில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்த அரை மைலையும் அவர்கள் வாங்கி, மணலைத் தோண்டி விற்று, பள்ளத்தை ஏரியாக்கி, ஏரியைச் சுற்றி வீடு கட்டுவார்களாம். குடியிருப்புக்கு 'நாரை ஏரி' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். எதை விரட்டுகிறார்களோ அதன் பெயரையே வாசலில் மாட்டுவது இந்தக் கூட்டத்துக்கு வழக்கம். ஒரு நாரையாவது அந்த ஏரியில் எட்டிப் பார்க்குமா? இருபதடி ஆழத்தில் எதன்மேல் நிற்கும்? அண்ணன் தம்பி அக்கா தங்கை எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. லீலண்டின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அர்டித் கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள், உறைக்கு மேலேயே ஒரு கெட்ட வார்த்தை எழுதி.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி விடியற்காலை, வாகனம் நிற்கும் இடத்தில் சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அர்டித் பார்வையாளர் பட்டியலை வாசித்தாள். பன்னிரண்டு பேர். பதினொன்றாவது பெயர்: எல். கோவாண்டா.

டார்ச்சைத் தூக்கினாள். கூட்டத்தின் கடைசியில் லீலண்ட் நின்றுகொண்டிருந்தான். அறுபத்தெட்டு வயசு, ஆபரேஷனில் இரண்டு முட்டியும் மாற்றியவன். அப்பாவுடைய பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆறு அங்கிருந்து இருநூறு கஜம், காற்றும் அந்தப் பக்கம் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போய் உள்ளே விட்டாள். மற்றவர்கள் நல்ல நல்ல திறப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். லீலண்ட் நேரே வந்து, வழிகாட்டி உட்காரும் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒஹாயோவிலிருந்து வந்த மேரிபெத் என்ற நர்ஸ்.

அப்போதுதான் அர்டித்துக்கு விளங்கியது. இந்தப் பூமியில் அவள் கத்தவும் முடியாத, எழுந்து போகவும் முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"டிக்கெட் வாங்கினியா?" என்று குசுகுசுத்தாள்.

"வாங்கினேன்."

"ஆத்தப் பாக்க டிக்கெட் வாங்கின மொத கோவாண்டா நீதான்டா. வெக்கமா இல்ல?"

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. சர்ச்சுல பக்கத்துல வந்தா எழுந்து போயிடற. வேற எங்கக்கா வந்து பேசறது?"

"இங்க பேசக்கூடாது."

"குசுகுசுன்னு பேசலாம்னு கதவுல போர்டு போட்டிருக்கு. படிச்சுட்டுத்தான் வந்தேன்."

வெளியே இன்னும் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். தொண்டைக்குள் பட்டாணியை உருட்டிக் கத்துவது மாதிரி ஆயிரக்கணக்கான நாரைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. நடுநடுவே மெல்லிசாக ஒரு விசில். அது போன வருஷக் குஞ்சுகள். உடம்பு வளர்ந்தாலும் குரல் உடையாதவை, இன்னும் அம்மா அப்பாவை விடாமல் நிற்பவை. மற்ற நாளாக இருந்தால் அர்டித் அதை ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

விடிந்தது. விடிந்தும் விடியாத மாதிரிதான். ஆற்றின் மேல் மூடுபனி சுவர் மாதிரி நின்றது. பனி இருந்தால் நாரைகள் கிளம்பாது. வழி தெரியாமல் பறந்து கம்பியில் அடிபட்டுச் சாக அவற்றுக்கு என்ன தலையெழுத்து? தெளிகிற வரை நிற்கும். அவை நிற்கிற வரை கொட்டகைக்குள் இருக்கிறவர்களும் நிற்க வேண்டியதுதான். ஏழரைக்கு முடிய வேண்டியது எட்டானது. எட்டரையானது. பனிக்குள்ளிருந்து ஒரு நாரைக் குடும்பம் நடந்து நடந்து கரைக்கே வந்துவிட்டது. திறப்பிலிருந்து இருபதடி இருக்காது. இரண்டு பெரியவை, ஒரு குஞ்சு. ஆண் ஒரு சோளத் தக்கையைக் கொத்தி மேலே எறிந்து, இறக்கையை விரித்து ஒரு குதி குதித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஒரு தும்மல் தும்மினாலும் அது பறக்கும், அது பறந்தால் ஆற்றில் நிற்கிற அத்தனையும் பறக்கும், பனிக்குள்ளே, மின்கம்பியைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து லீலண்டுக்கு வாளி தேவைப்பட்டது. வரும்போது இரண்டு குவளை காப்பி குடித்துவிட்டு வந்திருந்தான். புது முட்டிகளோடு தவழ்ந்து திரைக்குப் பின்னால் போனான். ஒரு கொட்டகைக்குள் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பதினொரு பார்வையாளர்களும் ஆற்றை மிகவும் கவனமாகப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் கோட்டுக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான்.

"இதுக்குத்தான் வந்தியா?"

"இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. போட்டுடுக்கா. எனக்கு வயசாச்சு. பையன் டென்வர விட்டு வரமாட்டேங்கறான். அங்க இப்ப நாரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் புதர்க்காடு."

"நாரை ஏன்டா இல்ல? ஏன் இல்ல? சொல்லு பாப்போம். அப்பா அம்பது வருஷம் கண்ணாட்டம் வெச்சிருந்த ஆத்த ஆறே வருஷத்துல குட்டிச்சுவராக்கிட்டு, இப்ப அதையே காரணம் காட்டி விக்கவும் வந்துட்டியா? நீ மனுஷனா?"

"கையெழுத்து."

அவள் காகிதத்தைப் பிடுங்கினாள். சுக்குநூறாகக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது.  ஆனால் காகிதம் கிழிகிற சத்தம்! இருபதடியில் குஞ்சு நின்று திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அர்டித் காகிதத்தை நான்காக மடித்தாள். மண்டியிட்டு நகர்ந்து திரையை விலக்கி உள்ளே கையை நீட்டினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அதுலயா போட்ட?" என்றான் லீலண்ட்.

"அதுலதான்."

நர்ஸ் மேரிபெத்தின் தோள் குலுங்கியது. வாயில் கையுறையை அடைத்துக்கொண்டாள்.

லீலண்ட் சிரிக்கவில்லை.  பிறகு அவனுக்கும் வந்தது கோபம். அர்டித் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. எமில் வீட்டில் கோபத்தை எல்லாம் மூத்தவளே எடுத்துக்கொண்டதால் இளையவனுக்கு மிச்சமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"உனக்கென்ன, தூக்கிப் போட்டுடுவ" என்று பல்லுக்குள் சொன்னான். "கால் வெக்கவே கூடாத நெலத்துக்கு ஆறு வருஷமா வரி கட்டினது நான்தானே."

"எவன்டா உன்னக் கால் வெக்கக் கூடாதுன்னான்?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். விளையாடுகிறாளோ என்று பார்க்கிற பார்வை.

"நீதான்."

"நானா? எப்ப?"

"அப்பாவை அடக்கம் பண்ண அன்னிக்கு. சர்ச்சுக்குக் கீழ் ஹால்ல. ஊரே சாப்ட்டுக்கிட்டு இருந்துச்சு. நீ கையில தட்டோட நின்ன. 'அப்பா மேல சத்தியம், நான் உயிரோட இருக்கற வரைக்கும் நீ அந்த ஆத்துல கால் வெக்கக் கூடாது'ன்ன. ஞாபகம் இல்ல?"

அர்டித்துக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை. ஹால் ஞாபகம் இருந்தது. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, பழப்பாகு வைத்த பன், காப்பி வாடை எல்லாம் ஞாபகம் இருந்தது. சவப்பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரில் தம்பி வரவில்லை என்பதும், அவன் இடத்தில் பஸ் மெக்கானிக் டேல் கைப்பிடியைப் பிடித்தான் என்பதும், எல்லாம் முடிந்து நாற்பது நிமிஷம் கழித்து லீலண்ட் சேறு அப்பிய பூட்ஸோடு வந்து நின்றான் என்பதும் நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. அப்பாவைத் தூக்காத பிள்ளை. அதைத்தான் அவள் ஆறு வருஷம் வைத்துக் காய்ச்சினாள். தான் என்ன சொன்னோம் என்பது மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. கத்தினவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? வாங்கினவனுக்கு அல்லவா இருக்கும்.

"எங்கடா போயிருந்த அன்னிக்கு?" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டாள்.

"ஆத்துக்கு. மேல அணையில மறுநாள் தண்ணி தொறக்கப் போறாங்கன்னு போன் வந்துச்சு. அப்பா படுத்ததால அந்த வருஷம் பாதி ஆறு உழாமக் கெடந்துச்சு. அன்னிக்கு விட்டா அந்த வருஷமே போச்சு. விடிகாலைல எறக்கினேன். எட்டு மணிக்கெல்லாம் முடிச்சுட்டுக் குளிச்சுட்டு வந்துடலாம்னு பாத்தேன். மேக்கால ஆழத்துல டிராக்டர் மணல்ல பொதஞ்சிடுச்சு."

"அத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்க வாயத் தொறக்க விட்ட?"

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்குச் சொல்லணும்? அப்பா மேல சத்தியம் பண்ணிட்ட. சரின்னு விட்டுட்டேன். கால் வெக்கல. அந்தப் பக்கம் என் வயல்ல மட்டும் அறுத்த தட்டைய உழாம விட்டேன், மணி பொறுக்கட்டும்னு. வயலப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

இவன் மனுஷனா, மாடா? ஆறு வருஷம்! வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, செடி முளைப்பதைப் பார்த்து, மரமாவதைப் பார்த்து, நாரைகள் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். அர்டித்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் புதர்க்காட்டை வளர்த்தது யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. பாலத்தின் மேல் காரை நிறுத்தி ஒவ்வொரு மார்ச்சும் அவள் சபித்ததெல்லாம் அவள் வாயாலேயே நட்டது. இதுவரை யார்மேலும் வராத அளவு கோபம் அவளுக்குத் தன்மேல் வந்தது. அதை எடுத்துக் காட்ட ஒரு முகமும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பனி கிழிந்தது. கிழக்கே வெளிச்சம் அடித்த அதே நொடியில் ஒரு கழுகு ஆற்றோடு தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான். ஆற்றிலிருந்த அத்தனை நாரையும் ஒரே நேரத்தில் எழுந்தன. கொட்டகைப் பலகைகள் அதிர்ந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. எல்லோரும் திறப்புகளில் முகத்தைப் புதைத்திருந்தார்கள்.

அர்டித் எழுந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொட்டகைக்குள் அடக்கி வைத்திருந்த முழுக் குரலையும் எடுத்தாள்.

"ஒரு தடவ எதுத்துப் பேசியிருக்கக் கூடாதாடா? ஒரே ஒரு தடவ! நாலு பேர் முன்னாடி 'போடி'ன்னு சொல்லிட்டு எறங்கியிருக்கக் கூடாதா? நான் கத்தினா கத்தினதுதானா? நாய் கொலைக்கறதில்ல? யாராச்சும் அதக் கேட்டு ஆத்த விடுவாங்களா?"

கத்திக்கொண்டே அழுதாள். நாரைகள் வடக்கே வயல்களுக்குத் திரும்பின, சத்தம் குறைந்தது, கடைசியில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். வழிகாட்டியும் அழுவதைப் பார்த்து அவர்களுக்குப் பரம திருப்தி. மேரிபெத் மட்டும் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"காது வலிக்குது" என்றான் லீலண்ட். வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான்: "கம்பெனில செப்டம்பர் ஒண்ணு வரைக்கும் டைம் கேட்டு வாங்கறேன். இன்னொரு பேப்பரும் தருவாங்க. அதுக்குள்ள விக்கறதா, இல்ல நான் ஆத்துல எறங்கறதான்னு ஒரு முடிவு சொல்லு."

மார்ச்சில் ஆற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நாரைகள் போகும் வரை ஒரு ரம்பம்கூட ஓடாது. அவை போன பிறகு தண்ணீர் ஏறிவிடும், பிறகு மற்றப் பறவைகள் முட்டையிடும். ஆகஸ்டு கடைசி வரை காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து மாசமும் கோபத்துக்குப் பயந்து அர்டித்திடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. தபால்காரர்கூடப் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாகப் போய்விடுவார்.

ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி தண்ணீர் வற்றியிருந்தது. காலை ஏழு மணிக்கு அர்டித் கையுறை, ரம்பம், பிளாஸ்கோடு வேலிக்குப் போனாள். அப்பாவுடைய டிராக்டர் உழுபடையோடு நின்றது. முன்சக்கரத்துக்கும் கம்பிக் கதவுக்கும் ஒரு கையகலம்தான் இடைவெளி. கதவு திறந்துதான் இருந்தது. லீலண்ட் எஞ்சினை அணைத்துவிட்டு மேலே உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் கம்பெனிக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி டேலும் சர்ச்சு ஆட்கள் ஏழெட்டுப் பேரும் வண்டிகளின் பின்கதவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் ரம்பம் இருந்தது. எல்லோரும் அப்பாவை அடக்கம் பண்ணிய அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள், லீலண்ட் கூப்பிட்டு வந்தவர்கள்.

"ஏன்டா சும்மா நிக்கற?"

"நீ இன்னும் சொல்லலியே."

அர்டித் டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். முகம் சிவந்தது.

"எறங்கு" என்றாள், கொட்டகையில் பேசுகிற குரலில்.

"என்னது?"

"எறங்குன்னேன்."

"கேக்கலக்கா. டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது போச்சு. அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னியே, இன்னிக்கும் அப்படியே சொல்லு."

டேல் காப்பிக் குவளையைக் கீழே வைத்தான்.  வில்லோப் புதருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தெரியத்தான் இல்லை. அர்டித் அப்பாவின் டிராக்டரைப் பார்த்தாள், தம்பியின் சட்டைப் பையைப் பார்த்தாள். பஸ்ஸில் எழுந்த குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்தது.

"நான் சொன்னது தப்புடா! கேட்டுச்சா? தப்பு! நீ அப்பாவுக்கு வேல செஞ்சுட்டு வந்த, நான் அதத் தெரிஞ்சுக்காம ஊர் முன்னாடி உன்ன அசிங்கப்படுத்தினேன்! தப்பு என் மேலதான்! அப்பா மேல சத்தியம், எறங்கித் தொலைடா ஆத்துல!"

ரயில்பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

லீலண்ட் மெதுவாகக் கீழே இறங்கினான். எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். துடைக்கத் துணி தேடுகிறவன் போல இடுப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து கம்பெனிக் காகிதத்தை எடுத்து, கம்பியை அதில் அழுத்தித் துடைத்தான். ஒருமுறை துடைத்து, புரட்டி, மறுபக்கத்திலும் துடைத்தான். காகிதத்தைக் கசக்கி உழுபடைக்கு அடியில் போட்டுவிட்டு மேலே ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

முன்சக்கரம் கதவைத் தாண்டியது. அர்டித் பின்னாலேயே ஓடினாள், ரம்பத்தை ஆட்டிக்கொண்டு.

"மேக்கால ஆழம் இருக்குடா, பாத்து ஓட்டித் தொலை!"